45 பேர், ஒரு பெரிய பஸ், ஒரு பகல்: சென்னையிலிருந்து எங்கே போகலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம். 45 பேர், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பொங்கலை ஒட்டி ஒரு நாள் டூர், காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு. மாமல்லபுரம், காஞ்சிபுரம், பாண்டிச்சேரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கூட்டம் அதிகம் போகாத, ஆனால் பெரிய பஸ் போகக்கூடிய இடம் வேண்டும் என்கிறீர்கள்.

கடைசியாகச் சொன்னீர்களே, பெரிய பஸ் என்று, அதிலிருந்தே தொடங்குகிறேன். நாலு பேர் காரில் போய் ரசித்துவிட்டு வந்த இடம் 45 பேருக்குச் சரிப்பட்டு வராது. பாறையைக் குடைந்து எடுத்த பல அருமையான குடைவரைக் கோயில்களில் பத்துப் பேர் நின்றாலே மூச்சு முட்டும். பல கிராமச் சாலைகளில் பஸ் உள்ளே போய்விடும், திரும்பத்தான் இடம் இருக்காது. நேரக் கணக்கும் வேறு. 45 பேர் இறங்கி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். திரும்ப ஏற்றி, தலை எண்ணி, "மாமி இன்னும் வரலை" என்று காத்திருந்து கிளம்ப இன்னொரு கால் மணி. நாலு இடம் என்று திட்டம் போட்டால் இதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டே இடம். காலையில் எல்லோரும் தெம்பாக இருக்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கிற இடம். சாயங்காலம் அவரவர் இஷ்டத்துக்கு நடந்து பார்க்கிற இடம். இதற்கு ஒத்துவராத ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பஸ் டூருக்கு வேண்டாம் என்பேன்.

இந்தக் கணக்கில் உங்களுக்கு முதலில் சொல்வது உத்திரமேரூரும் வேடந்தாங்கலும். வேடந்தாங்கல் பெயர் தெரியாத ஊரா என்று கேட்பீர்கள். பெயர் தெரியும், சரியான மாதத்தில், சரியான நேரத்தில் போனவர்கள் குறைவு. உத்திரமேரூரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததோடு விட்டவர்கள்தான் அதிகம்.

தாம்பரத்திலிருந்து ஆறரைக்குக் கிளம்பினால், வழியில் டிபன் முடித்துக்கொண்டு செங்கல்பட்டு வழியாக ஒன்பது, ஒன்பதேகாலுக்கு உத்திரமேரூர் போய்விடலாம். முதலில் வைகுண்டப் பெருமாள் கோயில். தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருப்பது. பெரிய கோபுரமோ பிராகாரமோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். பார்க்க வேண்டியது அங்குள்ள மண்டபச் சுவர்தான். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது கி.பி. 919, 921, அந்தச் சுவரில் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்ற விதிமுறை முழுவதும் அதில் வெட்டியிருக்கிறார்கள்.

இதை விளக்க ஒருவர் கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்துவிட்டு "அடுத்து எங்கே?" என்பார்கள். சங்கத்திலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருப்பார்; ஒரு வாரம் முன்னாலேயே அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். சொல்ல வேண்டிய விஷயம் இது: ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது, இன்றைய வார்டு மாதிரி. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். இரண்டு வருஷம் முந்தைய விதியில் இது 30 முதல் 60 வரை என்றிருந்தது, திருத்தியிருக்கிறார்கள். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. (இந்த இடத்தில் உங்கள் பொருளாளரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பரவாயில்லை.)

தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டில் இருக்கிறது. கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்துக்கொண்டு மாற்றிவிடக் கூடாதே! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்தத் தில்லுமுல்லை யாரோ செய்து பார்த்திருக்க வேண்டும். இப்படித் தேர்வானவர்கள் 360 நாள் பதவியில் இருப்பார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வேலையைப் பிரித்துக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்லச் சொல்லுங்கள். "உலகின் முதல் ஜனநாயகம்" என்று மேடையில் பேசுவது போல இங்கே பேச வேண்டாம். இது பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். நிலம் இருந்த, வேதம் படித்த ஆண்களுக்குள் நடந்த குலுக்கல் இது. ஊரில் உழுதவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இதையும் சேர்த்துச் சொன்னால் கதை குறைந்துபோகாது. பெரியவர்களுக்குள் நல்ல வாக்குவாதம் கிளம்பும், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஓடும். பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் வழக்கமான தம்போலாவுக்குப் பதில் ஒரு குடத்தையும் சீட்டுகளையும் வைத்து இந்தக் குலுக்கலையே நடத்திப் பாருங்கள்.

கல்வெட்டைப் பார்க்கும்போது ஒரு சின்ன உபாயம். நேராக நின்று பார்த்தால் எழுத்து கல்லோடு கல்லாகத் தெரியும். செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்து வரி வரியாக எழுந்து நிற்கும். சாக்பீஸ், மாவு எதையும் தடவ விடாதீர்கள். எழுத்தை விரலால் தேய்க்கவும் விடாதீர்கள்.

அடுத்து அதே ஊரில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்துக் கோயில். நின்ற கோலம் கீழே, அமர்ந்த கோலம் நடுவில், கிடந்த கோலம் மேலே என்று மூன்று தளம். மேல் தளங்களுக்குப் படி ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் கீழே சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்காரலாம். உச்சிகால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிட்டால் திரும்பத் திறக்கச் சாயங்காலம் ஆகும். அதனால்தான் உத்திரமேரூரைக் காலையில் வைக்கச் சொல்கிறேன். தலைகீழாகப் போட்டால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

மத்தியானச் சாப்பாடுதான் பஸ் டூரின் கழுத்தை நெரிக்கிற விஷயம். சின்ன ஊர் ஓட்டலில் 45 பேர் ஒன்றாக நுழைந்தால் கடைசிப் பந்தி உட்கார மூன்று மணி ஆகிவிடும். அதைவிட உத்திரமேரூரிலோ மதுராந்தகத்திலோ ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை அரை நாளைக்கு எடுங்கள். சாப்பாட்டை உள்ளூர் சமையல்காரரிடம் சொல்லிவிடலாம். பந்தி மேசை, மின்விசிறி, நாலைந்து கழிப்பறை, வயதானவர்கள் ஒரு மணி நேரம் தலை சாய்க்கப் பாய் போட இடம், பஸ் நிறுத்த வாசல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இதற்காகவே தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொல்வேன். தை பிறந்துவிட்டால் முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. மார்கழியில் கல்யாணம் இல்லை, மண்டபம் சும்மா இருக்கும், வாடகையும் பேசலாம். வைகுண்ட ஏகாதசியை மட்டும் தவிருங்கள். அன்றைக்குப் பெருமாள் கோயிலில் உங்கள் குழுவைத் தேடிப் பிடிப்பதே வேலையாகிவிடும்.

மூன்று மணிக்கு மண்டபத்திலிருந்து கிளம்பினால் மூன்றேமுக்கால் வாக்கில் வேடந்தாங்கல். சரணாலயம் சுமார் 30 ஹெக்டேர்தான். ஒரு ஏரி, அதற்கு ஒரு கரை. அந்தக் கரைதான் உங்கள் குழுவுக்கு வரம். படி இல்லை, மேடு பள்ளம் இல்லை, நிழல் உண்டு. முடிந்தவர்கள் பறவை பார்க்கும் கோபுரம் வரை நடக்கலாம்; முடியாதவர்கள் வழியில் உட்கார்ந்தாலும் அதே பறவைகள்தான் எதிரே. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் டிசம்பர், ஜனவரியில் நன்றாகத் தெரியும். நாலு மணிக்கு மேல் இரைக்குப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். காலையில் வந்தவர்கள் இதைப் பார்ப்பதில்லை. மத்தியானம் வந்தவர்கள் தூங்குகிற நாரையைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு தூரம்" என்று திரும்பிப் போவார்கள்.

இங்கே சொல்வதற்குப் பெரிய சொற்பொழிவு வேண்டாம். ஒன்று மட்டும் சொன்னால் போதும்: இந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றியது வனத்துறை இல்லை, ஊர்க்காரர்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட ஆரம்பித்ததும் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் லயனல் பிளேஸ் என்ற செங்கல்பட்டுக் கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பைனாகுலர் நாலைந்து இருந்தால் கைமாற்றிப் பார்க்கலாம். ஸ்பீக்கரைப் பஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் வராது. முன்பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறையிடம் ஒரு போன் போட்டு, தண்ணீர் எவ்வளவு, அன்றைக்குத் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பி, படாளம் கூட்டுரோடு வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். தென் மாவட்டங்களுக்குப் போன சென்னை முழுவதும் அன்று சாயங்காலம் பரனூர் டோல்கேட்டில் நிற்கும். சனிக்கிழமை போங்கள், ஓய்வுபெற்றவர்கள் மட்டும் என்றால் வார நாள் இன்னும் உத்தமம்.

இது ஒத்துவரவில்லை என்றால் இரண்டாவதாகத் திண்டிவனம் பக்கம் சொல்வேன். காலையில் மேல்சித்தாமூர், மத்தியானத்துக்கு மேல் திருவக்கரை. கொஞ்சம் நீண்ட நாள். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். தமிழ் பேசுகிற, விபூதிக்குப் பதில் சந்தனம் வைக்கிற நயினார் குடும்பங்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் இருக்கின்றன என்பதே சென்னையில் பலருக்குத் தெரியாது. சமணர் என்றாலே வடக்கிலிருந்து வந்த சேட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை இங்கே ஒரு முறை கூட்டி வர வேண்டும். பார்சுவநாதர் கோயில் கோபுரமும் மண்டபமுமாகப் பெரியது. மல்லிநாதர் கோயில் சின்னது. அங்கே ஒரு பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகை உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மடத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போங்கள். வழிபாடு நடக்கிற இடம், காட்சிக்கூடம் இல்லை. தோல் பொருள், அசைவச் சாப்பாட்டுப் பொட்டலம் எதுவும் கொண்டு போகாதீர்கள்.

திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி வருஷம் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போடுங்கள்: இத்தனை மரம் கிடக்கிறதே, கிளை எங்கே, வேர் எங்கே? தேடிப் பார்ப்பார்கள், கிடைக்காது. இந்த மரங்கள் இங்கே வளர்ந்தவை இல்லை. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வழியில் கிளையும் வேரும் உடைந்து, மணலில் புதைந்தவை. பிறகு மணற்சத்து உள்ளே ஊறிக் கல்லாகிவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சில துண்டுகளில் ஆண்டு வளையம் வரைக்கும் தெரியும். ஒரு சில்லைக்கூடப் பையில் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. பாட்டிமார்கள்தான் கொலுவுக்கு ஆகும் என்று எடுப்பார்கள், கவனியுங்கள். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில். பௌர்ணமியில் ஊருக்குள் பஸ் நுழைய முடியாது, நாள்காட்டியைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

திரும்பும்போது டிரைவர் "ஈ.சி.ஆரில் போய்விடலாம் சார்" என்பார். அந்த வழி புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து வரும். இந்தப் பக்கத்தில் புதுச்சேரிக் கொம்யூன்கள் (அந்த ஊர் நிர்வாகப் பகுதிகள்) தமிழ்நாட்டுக்குள் திட்டுத் திட்டாகவும் கிடக்கின்றன. செல்போன் மேப் சொல்லாமல் கொள்ளாமல் அதற்குள் இழுத்துவிடும். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் உள்ள பஸ் என்றால் கவலையில்லை. இல்லையென்றால் தனி பர்மிட், வரி என்று வழியில் நிற்க நேரும். மயிலம், திண்டிவனம் வழியாகவே வந்துவிடுங்கள்.

செஞ்சி? 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அதை அதிகம் பேர் போகாத இடம் என்று சொல்ல முடியாது. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறுவது உங்கள் குழுவில் கால்வாசிப் பேருக்குத்தான் முடியும். மற்றவர்கள் கீழே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதே ஊரை ஒட்டிய திருநாதர்குன்றில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாக ஒரே பாறையில் செதுக்கியிருப்பதையும், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டையும் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அது இளவட்டங்களோடு வேனில் போக வேண்டிய இடம். செஞ்சி, விழுப்புரம் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டும் அப்படித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதி வைத்த குடைவரை. சரித்திரத்தில் பெரிய இடம், நேரில் இருபது நிமிஷ இடம்.

பழவேற்காட்டை யாராவது சொல்வார்கள். டச்சுக்காரர் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் அகழியும்தான். மீன் சாப்பாட்டுக்காகவே போகிற குழுக்கள் உண்டு. உங்களில் சைவம் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏரியில் படகு ஏற்றுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்த ஏரி அது. தாம்பரத்திலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டும் என்பதாலும் உங்களுக்கு இது தோதுப்படாது. அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்குச் சரி.

கடற்கரைச் சாலையில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையும் ஆலம்பரைக் கோட்டையும் இருக்கின்றன. சாலை நல்ல சாலை, ஆனால் ஆலம்பரையில் நிழல் இல்லை, கழிப்பறையை நம்ப முடியாது. வயதானவர்களோடு வேண்டாம்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 45 பேருக்கு 45 சீட் பஸ் எடுக்காதீர்கள். 49 சீட் கிடைத்தால் காலை நீட்டவும், தண்ணீர் கேன் வைக்கவும், வாந்தி வருகிற பிள்ளையை முன்னால் உட்கார வைக்கவும் இடம் இருக்கும். வாடகை பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா உள்ளே அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். மைக் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். டிரைவரும் கிளீனரும் உங்களோடு ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். கடைசிப் பந்தியில் அவர்களை உட்கார வைத்தால் புறப்பாடு அரை மணி தள்ளும்.

வழியில் நிறுத்துவதற்கு இரண்டு கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க் போதாது. 25 பெண்கள் வரிசையில் நின்றால் முக்கால் மணி அங்கேயே போய்விடும். பத்து அறையாவது இருக்கிற நெடுஞ்சாலை ஓட்டலாகப் பார்த்து, அங்கேயே காலை டிபனையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு நாள் பைக்கில் போய் வரட்டும். கோயிலைப் பார்க்க அல்ல. பஸ் எங்கே திரும்பும், கோயில் தெருவில் மின்கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது, எங்கே இறக்கிவிட்டால் பெரியவர்கள் நூறு அடிக்கு மேல் நடக்க வேண்டாம், மண்டபத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா, இந்த நாலைப் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் தேதியை அறிவிக்கலாம்.